சமயநல்லூரில் கன்டெய்னர் வீடு... சித்திரை வெயிலைத் தாங்குமா? பெட்டி வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு!

'செங்கல் வேண்டாம், மணல் வேண்டாம், கொத்தனாருக்காகக் காத்திருக்க வேண்டாம். லாரியில் பெட்டி வரும், கிரேன் இறக்கி வைக்கும், சாயங்காலமே பால் காய்ச்சலாம்!' செல்போனைத் திறந்தால் இப்படி ஒரு வீடியோவாவது கண்ணில் படுகிறது. பளபளவென்று பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி, பெரிய கண்ணாடி ஜன்னல், வாசலில் இரண்டு பிரம்பு நாற்காலி. பார்த்ததும் ஆசை வரத்தான் செய்யும்.

சென்னையிலோ பெங்களூருவிலோ துபாயிலோ வேலை பார்க்கிறார்கள். ஊரில் அப்பா வாங்கிப் போட்ட 5 சென்ட் மனை சும்மா கிடக்கிறது. திருவிழாவுக்கும் பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கும் வந்து தங்க, செலவு குறைவாக ஒரு சின்ன வீடு இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைக்கும் குடும்பங்களுக்கு, இந்த வீடியோக்கள் ஒரு வழி காட்டுவதுபோலத் தெரிகின்றன.

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில், வைகைக்கு வடக்கே இருக்கும் சமயநல்லூர் இந்த ஆசைக்குப் பொருத்தமான ஊர்தான். நான்கு வழிச்சாலை இருக்கிறது, ரயில் நிலையம் இருக்கிறது. சோழவந்தானின் வயலும் வெற்றிலைக் கொடிக்காலும் பக்கம். மதுரைக்குள் போய் மீனாட்சியம்மனைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம். தூத்துக்குடி துறைமுகமும் சுமார் 150 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது என்பதால், பெட்டியைக் கொண்டு வருவதும் பெரிய வேலையில்லை.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். இந்த வீட்டுக்கு ஆட்கள் வந்து தங்கப்போவது எந்த மாதத்தில்? சித்திரையிலும் வைகாசியிலும். அதாவது, மதுரை வெயில் 40 டிகிரியைத் தொட்டுப் பார்க்கும் அதே நாட்களில். ஆண்டு முழுக்கப் பூட்டிக்கிடந்துவிட்டு, வெயில் உச்சத்தில் இருக்கும்போது வயதான பெற்றோரையும் குழந்தைகளையும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் தங்கவைக்கப் போகிறோம். அது வீடாக இருக்குமா, அடுப்பாக இருக்குமா என்பது பெட்டி வாங்கும் முன் எடுக்கும் சில முடிவுகளில்தான் இருக்கிறது.

பெட்டி வந்த கதை

கன்டெய்னர் என்ற யோசனைக்கு வயது 70-ஐ நெருங்குகிறது. அமெரிக்காவில் லாரி கம்பெனி நடத்திய மால்கம் மெக்லீன், மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்றி இறக்குவதற்குப் பதிலாக, பெட்டியோடு தூக்கி வைத்தால் என்ன என்று யோசித்தார். 1956 ஏப்ரல் 26-ம் தேதி, 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. உலக வாணிபத்தையே மாற்றிய பயணம் அது.

பெட்டியை வீடாக்கும் யோசனை பின்னால் வந்தது. இரும்புக் கன்டெய்னர்களை மனிதர்கள் வசிக்கும் கட்டடமாக மாற்றும் முறைக்கு, ஃபிலிப் கிளார்க் என்ற அமெரிக்கர் 1987-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1989-ல் அது கிடைத்தது. லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் 2001-ல் 'கன்டெய்னர் சிட்டி' எழுந்தது. ஆம்ஸ்டர்டாமில் மாணவர்களுக்காக 1,000 பெட்டி வீடுகள் கொண்ட 'கீட்வோனன்' குடியிருப்பு 2006-ல் முழுமையானது. ஐந்து வருடத்துக்கு என்று திட்டமிட்ட அந்தக் குடியிருப்பு, அதைத் தாண்டியும் பல வருடங்கள் நின்றது.

இந்த ஊர்களையெல்லாம் கவனித்தீர்களா? எல்லாம் குளிர் ஊர்கள். அங்கே பெட்டிக்குள் சூட்டைப் பிடித்து வைப்பதுதான் கவலை. நமக்கு நேர் எதிர். அதனால், வெளிநாட்டு வீடியோவில் பார்த்த வடிவமைப்பை அப்படியே சமயநல்லூரில் இறக்கி வைத்தால் பலிக்காது.

வெப்ப நாட்டு உதாரணம் வேண்டுமென்றால் கத்தாரைப் பார்க்கலாம். 2022 உலகக்கோப்பை கால்பந்துக்காக தோஹாவில் 974 கன்டெய்னர்களை வைத்து 'ஸ்டேடியம் 974' கட்டினார்கள். மற்ற மைதானங்களில் இருந்த குளிரூட்டும் வசதி இதில் இல்லை. அதனால் இங்கே ஆட்டங்களை மாலைக்கு மேல்தான் வைத்தார்கள். அதுவும் நவம்பர், டிசம்பர் மாதங்களில்!

அளவுதான் முதல் அதிர்ச்சி

கன்டெய்னர் பெரும்பாலும் இரண்டு நீளத்தில் வருகிறது: 20 அடி, 40 அடி. இரண்டுக்குமே அகலம் 8 அடிதான். உயரம், சாதாரணப் பெட்டியில் எட்டரை அடி. 'ஹை கியூப்' என்று சொல்லப்படும் உயரப் பெட்டியில் ஒன்பதரை அடி.

இதெல்லாம் வெளி அளவு. உள்ளே டேப் வைத்து அளந்தால் அகலம் 2.35 மீட்டர், அதாவது சுமார் 7 அடி 8 அங்குலம். உயரம் சாதாரணப் பெட்டியில் 7 அடி 10 அங்குலம், ஹை கியூப்பில் 8 அடி 10 அங்குலம். வெயிலைத் தடுக்க உள்பக்கச் சுவரில் இரண்டு அங்குலத் தடுப்பும், அதன்மேல் ஒரு பலகையும் அடித்தால், அகலம் ஏழேகால் அடிக்கு வந்துவிடும். அதில் 5 அடி அகலக் கட்டிலைப் போட்டால் நடக்க மிஞ்சுவது இரண்டேகால் அடி. சாதாரண உயரப் பெட்டியில் சீலிங் ஃபேன் மாட்டினால், கையைத் தூக்கிச் சட்டை போடும்போது இறக்கை விரலில் தட்டும். ஆகவே, வாங்குவதென்றால் ஹை கியூப்தான்.

இன்னொரு விஷயத்தைப் பலரும் சொல்வதில்லை. தேசிய கட்டட விதித்தொகுப்பு, வசிக்கும் அறைக்குக் குறைந்தபட்ச அகலம் 2.4 மீட்டர், உயரம் 2.75 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. ஏசி போட்ட அறைக்கு மட்டும் உயரத்தில் 2.4 மீட்டர் வரை சலுகை உண்டு. கன்டெய்னரின் உள் அகலம் 2.35 மீட்டர். ஐந்து சென்டிமீட்டரில் தவறுகிறது! ஹை கியூப்பின் உள் உயரமும் 2.7 மீட்டர் அளவுதான். ஆக, ஒற்றைப் பெட்டியை அப்படியே படுக்கையறை ஆக்குவது, விதிப்படியும் வசதிப்படியும் கொஞ்சம் இடிக்கும் வேலைதான்.

விலை கேட்கும்போதும் இந்த அளவு ஞாபகம் இருக்கட்டும். 40 அடி பெட்டியை விற்பவர் '320 சதுர அடி' என்பார். அது வெளி அளவு. தடுப்பு, பலகை எல்லாம் அடித்த பிறகு உள்ளே கிடைப்பது சுமார் 284 சதுர அடி. குறைகிற 36 சதுர அடி, ஒரு குளியலறை அளவு இடம்! சதுர அடிக்கு எவ்வளவு ஆகிறது என்பதை எப்போதும் உள் அளவால் வகுத்துப் பாருங்கள்.

சூரியன் நேர் உச்சியில்!

மதுரை இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 10 டிகிரியில். அதனால் சித்திரை பிறக்கும் நாட்களை ஒட்டி, ஏப்ரல் நடுவில், நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். நட்டுவைத்த கம்புக்குக்கூட நிழல் விழாத நாள் அது. அந்த நேரத்தில் வெயில் முழுவதையும் வாங்குவது சுவர் அல்ல, கூரை.

செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். மதியம் பட்ட வெயில் உள்ளே வந்து சேர சில மணி நேரம் ஆகும். கன்டெய்னர் தகடோ இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தடிமன். செங்கலைவிட இரும்பு பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். வெயில் பட்ட சில நிமிடங்களில் உள்பக்கத் தகடும் கொதிக்க ஆரம்பித்துவிடும். நல்ல பக்கமும் ஒன்று உண்டு: சூரியன் இறங்கியதும் சீக்கிரமே ஆறிவிடும். ராத்திரியில் கான்கிரீட் வீடு அனலாகக் கொதிக்கும்போது, ஜன்னல் திறந்த பெட்டி வீடு கொஞ்சம் சுகமாகவே இருக்கும்.

சரி, பகலைச் சமாளிப்பது எப்படி?

முதல் வேலை, பெட்டிக்கு மேல் இன்னொரு கூரை. பெட்டியின் தகட்டுக்கும் இந்தக் கூரைக்கும் நடுவே ஒன்று, ஒன்றரை அடி இடைவெளி விட்டுக் காற்று ஓடவிட வேண்டும். தகர ஷீட், நாட்டு ஓடு, தென்னங்கீற்று எதுவாகவும் இருக்கலாம். கீற்று என்றால் தீப்பிடிக்கும் ஆபத்தையும், சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றும் செலவையும் கணக்கில் வையுங்கள். கூரையை நான்கு பக்கமும் மூன்று, நான்கு அடி நீட்டிவிட்டால் சுவருக்கும் நிழல், மழைக்கும் பாதுகாப்பு. தகட்டில் மழை விழும் சத்தத்தில் தூக்கம் கெடுவதும் குறையும்.

இரண்டாவது, திசை. பெட்டியின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கும்படி வையுங்கள். காலை வெயிலும் மாலை வெயிலும் 8 அடிப் பக்கத்தில் மட்டும் விழும். நீளமான பக்கங்களில் எதிரெதிராக ஜன்னல் வைத்தால் காற்று குறுக்கே ஓடும். மேற்கு முனையில் குளியலறையோ சாமான் அறையோ இருக்கட்டும். அதற்கு வெளியே ஒரு வேம்போ புங்கமோ நட்டால், பிள்ளைகள் பெரியவர்களாகும்போது ஏசி பில் குறையும்.

மூன்றாவது, தடுப்பு. ராக்வூல், தெர்மாகோல் வகைப் பலகைகள், தெளிக்கும் பஃப் நுரை என்று பல வகை உண்டு. ராக்வூல் எரியாது. நுரை வகைகள் தீப்பிடிக்கக்கூடியவை என்பதால், அதன்மேல் சிமென்ட் பலகையோ ஜிப்சம் பலகையோ கட்டாயம் அடிக்க வேண்டும். தடுப்பை உள்ளே வைக்காமல் வெளிப்பக்கம் வைத்தால் உள் அகலம் மிச்சமாகும் என்பதையும் யோசிக்கலாம். சென்னை பெரும்பாக்கத்தில் 'வால்மேக்கர்ஸ்' என்ற கட்டடக் கலை நிறுவனம் பழைய கன்டெய்னர்களை வைத்து 'பெட்டி' என்ற உணவகத்தை வடிவமைத்தபோது, சூட்டைக் குறைக்கக் கையில் எடுத்தது மண்ணைத்தான். இரும்புக்கு மண்ணே துணை!

நான்காவது, வெள்ளை பெயின்ட். வீடியோவில் கறுப்பும் அடர் சாம்பலும் அழகாகத்தான் தெரியும். மதுரையில் அந்த அழகுக்கு மின் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

பெட்டிக்கும் ஜாதகம் பாருங்கள்!

பழைய கன்டெய்னர் வாங்குவது பழைய கார் வாங்குவதுபோல. பளபளப்பைப் பார்க்காமல் ஆவணத்தைப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு பெட்டியின் மேலும் நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு எண்களும் கொண்ட ஓர் அடையாள எண் இருக்கும். முதல் எழுத்துகள் உரிமையாளர் யார் என்பதைச் சொல்லும். கதவில் ஆணியடித்த ஓர் உலோகத் தகடு இருக்கும். பெட்டி எந்த வருடம் செய்தது, எவ்வளவு எடை தாங்கும் என்பதெல்லாம் அதில் தெரியும். மரத்தளத்துக்கு என்ன பூச்சிமருந்து போட்டிருக்கிறார்கள் என்ற விவரமும் பெரும்பாலும் கதவிலேயே இருக்கும்.

பூச்சிமருந்தா? ஆமாம். கன்டெய்னரின் தரை 28 மில்லிமீட்டர் ப்ளைவுட். கப்பலோடு பூச்சிகள் நாடு விட்டு நாடு போய்விடக் கூடாது என்பதற்காக அந்த மரத்தில் மருந்து ஏற்றியிருப்பார்கள். அரிசி வந்த பெட்டியா, ரசாயனம் வந்த பெட்டியா என்பதும் நமக்குத் தெரியாது. குழந்தைகள் தவழப்போகும் தரை இது. ப்ளைவுட்டை மொத்தமாகக் கழற்றிவிட்டு சிமென்ட் பலகை போட்டு டைல்ஸ் ஒட்டுவது நல்லது. கழற்ற முடியாவிட்டால், எபாக்ஸி பூசி முழுவதுமாக மூடிவிட்டு, அதன்மேல் புதுத்தளம் போட வேண்டும். பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போதும் வெல்டிங் செய்யும்போதும் வரும் புகையும் தூசியும் ஆபத்தானவை. அந்த நாட்களில் குடும்பத்தோடு போய் வேடிக்கை பார்க்க வேண்டாம்.

அடுத்தது, சுங்க விவகாரம். வெளிநாட்டிலிருந்து சரக்கோடு வரும் பெட்டிகள், 6 மாதத்துக்குள் திரும்பப் போய்விட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் வரி கட்டாமல் உள்ளே வருகின்றன. அந்தப் பெட்டி இங்கேயே விற்பனைக்கு வருகிறதென்றால் அதற்குரிய வரி கட்டியிருக்க வேண்டும். விற்பவரிடம் ரசீதோடு சுங்க ஆவணத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். 'அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்' என்ற பதில் போதாது.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இப்போது 'கன்டெய்னர் வீடு' என்ற பெயரில் விற்கப்படுவதில் எல்லாமே கப்பலில் வந்தவை அல்ல. இரும்புச் சட்டத்தில் பஃப் பேனல் அடித்து, பட்டறையில் புதிதாகச் செய்த 'போர்ட்டா கேபின்'களும் அதே பெயரில்தான் விலைபோகின்றன. அது ஏமாற்று என்று சொல்ல முடியாது. சொல்லப்போனால், விருப்பப்பட்ட அகலத்திலும் உயரத்திலும் செய்துகொள்ளலாம், பேனலே வெயிலையும் தடுக்கும் என்பதால், விடுமுறை வீட்டுக்கு அது இன்னும் பொருத்தமாகக்கூட இருக்கலாம். ஆனால், கப்பல் பெட்டியின் பலம் அதற்குக் கிடையாது. எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

பலம் நான்கு மூலையில்!

கப்பலில் எட்டு, ஒன்பது பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். அவ்வளவு பலமா என்று வியக்கலாம். அந்தப் பலம் முழுவதும் நான்கு மூலைத் தூண்களில்தான் இருக்கிறது. கூரைத் தகடு, ஒருவர் இருவர் ஏறி நடக்கும் அளவுக்குத்தான். எனவே, 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைக் கூரை நடுவில் தூக்கி வைக்காதீர்கள். நிரம்பினால் அது ஒரு டன். தொட்டிக்குத் தனி ஸ்டாண்ட் போடுங்கள். கூரையில் மண் கொட்டித் தோட்டம் போடுவதோ, பெட்டியைப் பாதி மண்ணுக்குள் புதைப்பதோ வேண்டவே வேண்டாம்.

சுவரின் வரிவரியான மடிப்புகளும் பெட்டியை நிமிர்த்திப் பிடிப்பவைதான். பெரிய ஜன்னலுக்காக அதை வெட்டும்போது, வெட்டிய இடத்தைச் சுற்றி இரும்புச் சட்டம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். இல்லையென்றால் கூரை தொய்ந்துவிடும். எவ்வளவு வெட்டலாம், என்ன அளவுச் சட்டம் வேண்டும் என்பதைப் பட்டறைக்காரர் அல்ல, கட்டமைப்புப் பொறியாளர் சொல்ல வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவு அல்ல.

அஸ்திவாரமே வேண்டாம் என்பதும் பாதி உண்மைதான். செங்கல் வீட்டுக்குப் போடுவதுபோலச் சுற்றிலும் தோண்ட வேண்டியதில்லை. ஆனால், மூலைக்கு ஒன்றாகக் கான்கிரீட் பீடம் வேண்டும். மதுரை வட்டாரத்தில் செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். ஒரு மூலை மட்டும் அரை அங்குலம் இறங்கினாலும் கதவும் ஜன்னலும் மூடாது. மண்ணைப் பார்த்துத்தான் பீடத்தின் ஆழத்தை முடிவு செய்ய வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயர்த்தி வைத்தால் மழைநீர் தேங்காது, அடித்தகடு துருப்பிடிக்காது, பாம்பு பூச்சி இருந்தாலும் கண்ணில் படும்.

லாரி வரும் வழியை மறக்கக் கூடாது. 40 அடி பெட்டியோடு வரும் டிரெய்லர் நான்கு வழிச்சாலையில் ஜம்மென்று வந்துவிடும். ஊருக்குள் தெருமுனையில் திரும்புமா? காலியான 20 அடி பெட்டியின் எடை இரண்டேகால் டன் அளவு. 40 அடி என்றால் நான்கு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. 'ஹைட்ரா' கிரேன் தூக்கிவிடும். ஆனால், அது நிற்க இடம் வேண்டும். மேலே போகும் மின்கம்பியும் மரக்கிளையும் வழிமறிக்கக் கூடாது. பெட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், டிரெய்லர் ஓட்டுநர் ஒருவரை அழைத்து வந்து பாதையைக் காட்டிவிடுவது நல்லது.

அனுமதி வேண்டாமா?

'சக்கரம் வைத்த வீடு, அஸ்திவாரம் இல்லாத வீடு, அதனால் அனுமதியே தேவையில்லை' என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். நிரந்தரமாக ஓர் இடத்தில் வைத்து, கழிவறை கட்டி, மின் இணைப்பு வாங்கித் தங்கப்போகிறீர்கள் என்றால் அது வீடுதான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன்படி அனுமதி பெறும் வழியில் போவதுதான் பாதுகாப்பு.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை குடியிருப்பு கட்ட, ஆன்லைனில் விண்ணப்பித்து உடனடியாக அனுமதி பெறலாம். 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி என்பதால் இந்த வரம்புக்குள் வந்துவிடும். ஆனால், அந்த முறை செங்கல், கான்கிரீட் வீட்டை மனதில் வைத்தது. இரும்புப் பெட்டி வீட்டுக்கு, அறை அகலம், உயரம் பற்றிய கேள்வி வரலாம். உள்ளாட்சி அலுவலகத்தில் வரைபடத்தோடு போய் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மனையின் கதை இன்னும் முக்கியம். அங்கீகாரம் பெற்ற மனையா? அங்கீகாரமில்லாத மனை என்றால், 2016 அக்டோபர் 20-ம் தேதிக்கு முன் பதிவானதா, வரன்முறை செய்யப்பட்டதா? பட்டாவில் நஞ்சை என்று இருக்கிறதா, புஞ்சை என்று இருக்கிறதா? வைகை, பெரியாறு பாசனம் பாயும் இந்தப் பகுதியில் நஞ்சை நிலம் அதிகம். அதை வீட்டு உபயோகத்துக்கு மாற்றுவதற்குக் கெடுபிடியும் அதிகம். பெட்டியைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கலாம். நிலத்தைத் தூக்கி வைக்க முடியாதே!

கடன் வாங்கிக் கட்டும் எண்ணம் இருந்தால், வங்கியில் முதலிலேயே பேசுங்கள். நகர்த்தக்கூடிய பெட்டியின் மேல் வீட்டுக்கடன் கொடுக்க வங்கிகள் தயங்குவதுண்டு.

உண்மையில் சிக்கனமா?

பெட்டியின் விலை மட்டும் வீட்டின் விலை அல்ல. வீடியோக்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். ஏற்றுக்கூலி, கிரேன், பீடம், வெட்டும் வேலை, சட்டம், வெயில் தடுப்பு, உள்பலகை, மேல்கூரை, வயரிங், குளியலறை என்று பட்டியல் நீளும். போர்வெல், செப்டிக் டேங்க், மின் இணைப்பு, சுற்றுச்சுவர் ஆகிய செலவுகள் செங்கல் வீட்டுக்கும் பெட்டி வீட்டுக்கும் ஒன்றேதான். கன்டெய்னர் மிச்சப்படுத்துவது சுவரும் கூரையும் எழுப்பும் செலவையும் நேரத்தையும் மட்டுமே. அந்த மிச்சத்தில் ஒரு பங்கை வெயில் தடுப்பு திரும்ப வாங்கிக்கொள்ளும்.

அதனால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு மதிப்பீடு வாங்குங்கள். ஒன்று, மேலே சொன்ன எல்லாச் செலவும் சேர்த்த கன்டெய்னர் வீடு. இன்னொன்று, அதே உள் அளவில் சிக்கனச் செங்கல் வீடு. லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய 'எலிப்பொறி' கட்டுமுறையில், செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி, சுவருக்குள் வெற்றிடம் விட்டுக் கட்டுவார்கள். செங்கல் சுமார் 25 சதவிகிதம் மிச்சமாகும், உள்ளே இருக்கும் காற்று சூட்டையும் தடுக்கும். கூரைக் கான்கிரீட்டின் அடிப்பாகத்தில் ஓடுகளைப் பதிக்கும் 'ஃபில்லர் ஸ்லாப்' முறையும் அப்படியே. இரண்டு மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், உங்கள் மனைக்கு எது சரி என்பது தெரிந்துவிடும்.

கன்டெய்னர் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. கூடவே இருந்து வேலையைப் பார்க்க ஊரில் ஆள் இல்லை, பட்டறையிலேயே பெரும்பாலான வேலையை முடித்துக் கொண்டுவந்தால் போதும் என்பவர்களுக்கு அது வசதி. பத்து வருடம் கழித்து அதே மனையில் பெரிய வீடு கட்டும் எண்ணம் இருப்பவர்கள், பெட்டியை விற்றுவிடலாம் அல்லது தோட்டத்து ஓரத்தில் தள்ளி வைக்கலாம். கரையானும் அண்டாது. கடற்கரை ஊர்களைப்போல உப்புக்காற்று இல்லாததால், பெயின்ட்டைக் கவனித்து வந்தால் துருவும் மெதுவாகத்தான் வரும்.

இப்படி வைத்தால் எப்படி?

5 சென்ட் மனைக்கு ஒரு யோசனை. 40 அடி பெட்டி ஒன்றுக்குப் பதிலாக, 20 அடி ஹை கியூப் பெட்டி இரண்டு. அவற்றை இணையாக, நடுவில் 10 அடி இடைவெளி விட்டு வையுங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடத்துக்கும் சேர்த்து, மேலே ஒரே ஓட்டுக்கூரை.

ஒரு பெட்டியில் படுக்கையறை. இன்னொன்றில் சமையலறையும் குளியலறையும். நடுவில் இருக்கும் 200 சதுர அடி, இருபுறமும் காற்று வரும் கூடம். அதன் தரைக்குச் செங்கல் பாவி சிமென்ட் பூசினாலே போதும். பெட்டிகளின் உள் இடம் தடுப்புக்கு முன் தலா 149 சதுர அடி. எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 500 சதுர அடி. பகலில் எல்லோரும் கூடத்தில் இருக்கலாம், தாத்தா பாட்டி கட்டிலைப் போட்டுச் சாய்ந்துகொள்ளலாம். பெட்டிக்குள் போவது ராத்திரி தூங்குவதற்கும் சாமான் எடுப்பதற்கும்தான். 20 அடி பெட்டி என்பதால் சின்னத் தெருவிலும் லாரி திரும்பும்.

எந்த வடிவமாக இருந்தாலும் மூன்று பாதுகாப்பு விஷயங்களில் சமரசம் வேண்டாம். முதலாவது, கன்டெய்னர் கதவின் வெளித்தாழ்ப்பாள் கம்பிகளைக் கழற்றிவிடுங்கள். அது வெளியிலிருந்து மட்டும் பூட்டும் கதவு. விளையாடும் குழந்தை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது. உள்ளிருந்து திறக்கும் கதவு இரண்டு வேண்டும். இரண்டாவது, மின்சாரம். வீடே இரும்பு என்பதால், ஒரு வயர் உரசினாலும் சுவர் முழுக்க ஷாக் அடிக்கும். பெட்டிகளுக்கு எர்த் கொடுப்பதும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்துவதும் கட்டாயம். மூன்றாவது, காற்றுவழி. மாதக்கணக்கில் பூட்டிக்கிடக்கும் பெட்டிக்குள் அனல் சேரும். கொசுவலை அடித்த காற்றுத் துவாரங்கள் மேலும் கீழும் எப்போதும் திறந்தே இருக்கட்டும். ஊருக்குக் கிளம்பும்போது சிலிண்டரையும் மாத்திரை டப்பாவையும் உள்ளே விட்டுவிட்டு வர வேண்டாம். திரும்பி வந்த நாளில் கதவு, ஜன்னல்களை முழுதாகத் திறந்து, உள்சூடு தணிந்த பிறகு பெரியவர்களை உள்ளே அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று. ஏற்கெனவே கன்டெய்னரில் இயங்கும் உணவகமோ அலுவலகமோ உங்கள் ஊர்ப் பக்கம் இருந்தால், ஏப்ரல் மாத மதியம் இரண்டு மணிக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். முடிந்தால் அப்பா அம்மாவையும் கூட்டிப் போங்கள். கூரை எப்படிப் போட்டிருக்கிறார்கள், ஏசியை நிறுத்தினால் என்ன ஆகிறது என்று கேளுங்கள். அந்த அரை மணி நேரம் உங்கள் சேமிப்புக்கு நல்ல ஆலோசனை சொல்லும்.